உயிர் தங்கும் உயரம்

"இன்ஜினியரம்மா, மூணாவது கட்டடத்தோட ஃபைல் வந்துடுச்சா?"

தொலைபேசியில் மீட்புக் குழுவின் கேப்டன் பெலிசாரியோவின் குரல் கரகரத்தது. புழுதியைத் தின்று தின்று மனிதருக்குத் தொண்டையே போயிருந்தது.

"வந்துடுச்சு கேப்டன். திறந்துட்டிருக்கேன்," என்றாள் யூரிடியா.

ஓஹாகா கடற்கரையில் பூமி ஆடியதிலிருந்து அவளுக்கு இதுதான் வேலை. அவள் இருப்பதென்னவோ எங்கோ தள்ளி கெரேத்தாரோ நகரில், ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில். இடிந்த கட்டடங்களின் கணினி மாடல்களை யார் யாரோ தேடிப் பிடித்து அனுப்புவார்கள். கட்டடத்தின் பெயர்கூட இருக்காது, வெறும் எண்தான். சுவர், தூண், உத்தரம், குழாய் என்று ஆயிரக்கணக்கான உறுப்புகள் அதற்குள் கிடக்கும். ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதற்காகவே அவள் ஒரு நிரல் எழுதியிருந்தாள். கான்கிரீட் சுவரும் கனத்த உத்தரமும் சேர்ந்து எங்கே ஒரு பொந்தைக் காப்பாற்றி வைத்திருக்கும் என்று அது தேடும். அந்த இடங்களை மட்டும் சிவப்புப் பொட்டாகக் காட்டும். அங்கே தோண்டுவார்கள்.

"சீக்கிரம் தாயே. பக்கத்துக் கட்டடம் சாயுது. மெஷினை இறக்கு, இடிபாட்டை வாருன்னு மேலேர்ந்து நெருக்குறாங்க. இன்னும் ஒன்பது உயிர் உள்ள கிடக்கு."

ஆள் என்று அவர் சொல்லவே மாட்டார். ஆணா, பெண்ணா, பெயர் என்ன, வயசு என்ன, எதுவும் அந்த மீட்புக்காரர்கள் பேச்சில் வராது. முகத்தை நினைத்துவிட்டால் வேலை ஓடாதாம். உயிர், அவ்வளவுதான்.

"உள்ளேர்ந்து சத்தம் ஏதாவது கேட்டுதா?"

"காலையில கேட்டுது. இப்ப இல்ல. இருங்க, முஷ்டியைத் தூக்கிட்டாங்க."

சட்டென்று அந்தப் பக்கம் அடங்கியது. ஒருவர் முஷ்டியை உயர்த்தினால் போதும், அங்கே அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடிபாட்டுக்குக் காது கொடுப்பார்கள். யூரிடியாவும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள், தான் தட்டுவது அங்கே கேட்டுவிடும் என்பதுபோல.

"ஒண்ணுமில்ல," என்றார் கேப்டன். "நீங்க தேடுங்க. முதல் கட்டடத்துல பண்ணின மாதிரி பண்ணிடாதீங்க."

அதைச் சொல்லிக் காட்டாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. முதலில் இடிந்தது ஒரு வங்கி. அவள் நிரல் திரை முழுக்கப் பொட்டு வைத்துத் தள்ளியது. "என்னம்மா இது, அம்மை வாத்த மாதிரி? எலிப்பொந்தை எல்லாம் தோண்டி என் பசங்க சாகணுமா? ஒரு மனுஷன் முடங்கிக் கிடக்க இடமிருக்கா இல்லையா, அதைப் பாத்து வடிகட்டிக் கொடுங்க," என்று கத்தித் தீர்த்தார்.

அவளும் ஒரு வரி சேர்த்தாள். பொந்தின் உயரம் இவ்வளவுக்குக் குறைந்தால் தள்ளிவிடு என்று. இரண்டாவதாக ஒரு துணிக்கடை. பொட்டுகள் விரல்விட்டு எண்ணும்படிதான் வந்தன. தோண்டிய இடத்திலெல்லாம் உயிரோடு ஆள் இருந்தது. அன்றைக்கு அந்தக் கரடுமுரடான மனிதர் தொலைபேசியிலேயே அழுதுவிட்டார்.

அதே நிரலை இப்போதும் ஓட்டினாள்.

பக்கத்து மேசை நிக்கானோர் காப்பியோடு எட்டிப் பார்த்தான். "இதை வரைஞ்ச புண்ணியவான் தண்ணியப் போட்டுட்டு வரைஞ்சிருக்கான் பாரு. கை கழுவுற தொட்டியெல்லாம் முழங்கால் உயரத்துல நிக்குது."

"எப்படியோ போகட்டும். சுவரையும் உத்தரத்தையும் ஒழுங்கா வச்சிருக்கானா, எனக்கு அது போதும்."

திரையில் ஒரு பொட்டுகூட விழவில்லை.

யூரிடியா தளம் தளமாகப் பிரித்து மறுபடி தேடினாள். மாடிப்படியின் அடியில் தேடினாள். சுவர்களைத் தனியாக, உத்தரங்களைத் தனியாக எடுத்துத் தேடினாள். சுத்தமாக ஒன்றும் இல்லை.

"சொல்லுங்கம்மா," என்றார் கேப்டன்.

"எங்கேயும் இல்ல, கேப்டன்."

"சரியாப் பாத்தீங்களா?"

"திரும்பத் திரும்பப் பாத்துட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "உங்க வார்த்தையை நம்பி மெஷினை இறக்கலாமா? ஒருதடவை இறக்கிட்டா அப்புறம் ஒண்ணும் மிஞ்சாது."

அவள் வெற்றுத் திரையை மறுபடி பார்த்தாள். நிரல் இதுவரை ஏமாற்றியதில்லை. சும்மா இழுத்தடித்தால் சாய்கிற கட்டடம் மீட்புக்காரர்கள் தலையில் விழும்.

"இடமிருந்தா காட்டியிருக்கும். இறக்குங்க."

"இறக்குங்கப்பா," என்று அவர் யாரிடமோ சொன்னார். இயந்திரம் உறுமத் தொடங்கியது. அவர் குரலை உயர்த்தினார். "மனசை விட்டுடாதீங்க, உங்களால ஆனதைப் பாத்தீங்க. இனி தடுப்புக் கயித்துக்கு அந்தப் பக்கம் போய் அம்மாக்கள்கிட்ட நான்தான் சொல்லியாகணும்."

"அம்மாக்களா? புருஷன், பொண்டாட்டின்னு யாரும் வரலையா?"

"என்னம்மா பேசறீங்க, உங்களுக்கு யாரும் சொல்லலையா? இது குழந்தைகள் காப்பகம். டீச்சருங்களை எல்லாம் நேத்தே எடுத்துட்டோம். உள்ள கிடக்கிறதுல பெரிசுக்கே நாலு வயசுதான்."

யூரிடியா உயரத்தைப் பார்த்துத் தள்ளும் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு நிரலை ஓட்டினாள். திரை முழுக்கச் சிவப்புப் பொட்டுகள் விழுந்தன. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அவள் தொண்டை கிழியக் கத்தியது இயந்திரத்தின் இரைச்சலில் அங்கே யார் காதிலும் விழவில்லை.