கல் வடிகட்டி

ஒளிப்பெட்டியில் செருகிய படத்தில், சிறுநீர்க்குழாய் நடுவே கல் அரிசிக் குருணையாய் வெளுத்து நிற்கிறது. “காத்திருந்தா தானா விழலாம், ஆனா தண்ணி நிறைய குடிக்கணும். இல்லைன்னா ஆபரேஷன்ல எடுத்துடலாம்,” என்கிறார் மருத்துவர். “காத்திருக்கேன்,” என்கிறார் கிரேன் ஓட்டுநர், மனைவியைப் பார்க்காமல். அவள் மூக்கால் சிரிக்கிறாள். “இவரா? கிரேன்ல ஏறினா, ஒண்ணுக்குப் போகக் கீழ இறங்கணுமேன்னு சொட்டுத் தண்ணி குடிக்கமாட்டார். வலியில உருளும்போது மட்டும் பிடிச்சுக்க நான் வேணும். எடுத்துடுங்க டாக்டர்.” “உடம்பு என்னோடது. நீ வாயை மூடு.” மின்விசிறி முனகுகிறது. சிறுநீரோடு விழும் கல்லைப் பிடிக்கச் செவிலி தந்த வடிகட்டி அவள் மடியில் கிடக்கிறது. சட்டென்று அவர் விலாவைப் பிடித்துக் குனிகிறார். மறு கை, பழக்கத்தில், அவள் கையைத் தேடி நீள்கிறது. விரிந்த அந்த உள்ளங்கையில் அவள் வடிகட்டியை வைக்கிறாள். “காத்திருங்க.”