மிதிமண்

ஓட்டுச் சூளைக்குக் கால் வீக்கம் பார்க்க நர்ஸ் வந்திருக்கிறாள் என்றதும் மேஸ்திரி பின்கொட்டகைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வேலையாட்களைப் பலகையில் வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் காலையும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதான்" என்றார் மேஸ்திரி.

அதற்குள் பின்கொட்டகையிலிருந்து யாரோ இருமும் சத்தம். நர்ஸ் எழுந்து போனாள். மேஸ்திரி வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனார்.

அங்கே ஒரு பெண் தனியாகச் செம்மண் மிதித்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. விரலிடுக்கில் நீர் கசிந்தது. ஓடு வாங்க வருகிறவர்கள் கண்ணில் படவேண்டாமென்று அவளை அங்கே தள்ளியது மேஸ்திரிதான்.

"எத்தனை வருஷமா வெறுங்கால்ல மிதிக்கறீங்க?"

"பதினாலு வருஷமாங்க."

"இந்த மண்ணு சிலருக்கு ஆகாதும்மா. தோல் வழியா உள்ள போயி காலை வீங்க வச்சிடும். பூட்ஸ் போட்டுக்கிட்டு மிதிக்கலாமே?"

"பழக்கமில்லைங்க."

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பழக்கமாவது ஒன்றாவது! கால் வீங்கத் தொடங்கிய வருஷமே அவரிடம் வந்து ஒரு ஜோடி பூட்ஸ் கேட்டாள். "உனக்கு மட்டும் குடுத்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்று வாயை அடைத்து அனுப்பினார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவளைச் சேர்க்காமல் மற்றவர்கள் விரட்டியபோதும், பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார். அதற்கப்புறம் அவள் எதுவுமே கேட்டதில்லை.

நர்ஸ் படிவத்தைப் புரட்டினாள். "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? ரத்த சொந்தத்துலயும் இது வரலாம், அவங்க காலையும் பாக்கணும். உங்களுக்கும் தினம் காலைக் கழுவிக் கட்டுப்போட ஒரு ஆள் வேணும்."

"யாருமில்லைங்க. நான் ஒத்தப் புள்ள."

பட்டென்று சொல்லிவிட்டாள். மேஸ்திரி நின்ற பக்கம் அவள் கண் போகவே இல்லை.

நர்ஸ் அவரிடம் திரும்பினாள். "யாருமில்லாதவங்களை வேலையில வச்சிருக்கீங்களே, நல்ல மனசு சார் உங்களுக்கு."

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. சொல்லிவிடலாமென்று வாயெடுத்தார். கொட்டகை வாசலில் வேலையாட்கள் கூடிநின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதே தங்கையின் கால் தரையில் படவிடாமல் அவளுக்கு நாலு வயதாகும்வரை இடுப்பிலேயே தூக்கித் திரிந்தவர், நர்ஸ் 'யாரும் இல்லை' என்று எழுதி முடிக்கும்வரை பேசாமல் நின்றார்.