பூனைக்காலிச் சுணை

"பிடிங்கடா அவன!" என்று நீலமேகம் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்து அன்பழகனின் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்தார்கள்.

பெற்ற மகன்தான். குப்புறக் கிடந்தான். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு தடித்துச் சிவந்திருந்தது. சொறிந்த இடமெல்லாம் ரத்தம்.

அம்மாக்காரி பவுனம்மாள் இரும்புச் சட்டியில் கடற்கரை மணலை வறுத்து வந்து முதுகில் கொட்டினாள். நீலமேகம் இரண்டு உள்ளங்கையாலும் போட்டுத் தேய்த்தார்.

வலையில் ஏறிவரும் சொறி மீனின், அந்த ஜெல்லி மீனின், கொழகொழப்பு மேலே பட்டால் கோட்டுச்சேரிமேட்டுக் குப்பத்தில் இதுதான் வைத்தியம். சுடச்சுட மணல். கதறினால் கதறட்டும்.

கதறினான். அடேயப்பா, என்ன கதறல்! படகடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வலை உதறுறப்ப தெறிச்சிடுச்சு" என்பதைத் தவிர அவன் வேறெதுவும் சொல்லவில்லை.

அவன் பெண்டாட்டி தேவிகா கதவோரம் நின்றாள். விடிந்தும் விடியாமலும் அவளுடைய அம்மா விழிதியூரிலிருந்து போன் செய்திருந்தாள். அண்ணன் சிவராமனை வயலில், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், எவனோ மண்டையைப் பிளந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இன்னும் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நேரத்தில்தான் புருஷன் கரையிலிருந்து ஓடிவந்து இப்படி விழுந்தான்.

போன வாரம்தான் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க அண்ணன் அன்பழகனைச் செருப்பால் அடித்திருந்தான். தங்கை காதலித்துக் கட்டிக்கொண்டு போன ஆத்திரம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு தேவிகா புருஷன் பக்கம்தான் நின்றாள். அண்ணனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அந்த ஏச்சை நினைத்து நினைத்துத்தான் காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

மாமனார் தோளுக்கு மேலாகக் குனிந்து புருஷனின் பிடரியைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

முடிக்கு நடுவே பொன்னிறத்தில் பொடிப்பொடியாக முள். சொறி மீனுக்கு ஏது முள்?

பூனைக்காலிச் சுணை. தை பிறந்து காய் முற்றிவிட்டால் அந்தக் கொடியைத் தொடக்கூட வேண்டாம், காற்றடித்தாலே போதும், காயிலிருக்கும் சுணை பறந்து வந்து ஒட்டி உடம்பெல்லாம் அரிக்கும். ஒயர் திருடர்களுக்குப் பயந்து மோட்டார் கொட்டகை மேல் அண்ணன் ஏற்றிவிட்ட கொடி. வேறெங்கும் அவள் அதைப் பார்த்ததில்லை.



சுணை பட்ட உடம்பை மணல் போட்டுத் தேய்க்கலாமா? தேய்க்கத் தேய்க்க அது தோலுக்குள் இறங்கும். ஒரு வார்த்தை சொன்னால் மாமனார் நிறுத்திவிடுவார். அவள் சொல்லவில்லை.

பாவி, நீயே சொல்லு. உன் வாயால சொல்லு.

அவன் எட்டி உதைத்ததில் காலைப் பிடித்திருந்தவனின் உதடு கிழிந்தது. பவுனம்மாள் அழுதுகொண்டே அடுத்த சட்டியைக் கொண்டுவந்து கொட்டினாள். நீலமேகம் விடாமல் தேய்த்தார். தோல் வழன்று, மணல் சிவப்பாக ஈரமானது. அன்பழகன் பாயைக் கடித்தான். பாய் பிய்ந்து வாயோடு வந்தது.

தாங்க முடியவில்லை அவனுக்கு. எத்தனை நேரம்தான் தாங்குவான்?

"தேவிகா... சாணி கொண்டா... சாணி பூசு தேவிகா..."

நீலமேகம் கையை எடுத்தார். "சொறி மீனுக்கு எவன்டா சாணி பூசுவான்? எங்கடா போயிருந்த?"

அன்பழகன் முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டான்.

அந்தக் குப்பத்தில் ஒருத்தருக்கும் தெரியாத வைத்தியம் அது. அவனுக்கு எப்படித் தெரியும் என்று தேவிகா யோசிக்க வேண்டியதில்லை. காதலித்த காலத்தில் அவளைப் பார்க்க வந்து, அதே கொட்டகைக்குப் பின்னால், அதே கொடியில் சாய்ந்துவிட்டுத் துள்ளிக் குதித்தவன் அவன். பசுஞ்சாணியை அள்ளி அவன் முதுகு முழுக்க அப்பியவள் அவள்தான். சாணி காய்ந்து ஏடாக உரியும்போது சுணையும் கூடவே வந்துவிடும். சாணி நாற்றத்தோடு அவன் அசடு வழிய நின்றதைப் பார்த்துத்தான், கட்டினால் இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

"கொண்டாரேன்," என்றாள்.

வாளியை எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் காசியம்மா வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போனாள். வருவதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

ஒட்டியிருந்த மணலை ஊதி ஊதித் தள்ளினாள். மெதுவாகத்தான் பூசினாள். பிடரி, தோள், முதுகு, ஓர் இடம் விடவில்லை. ஈரம் படப்பட அவனுக்கு மூச்சு நிதானத்துக்கு வந்தது.

"நீ நல்லா இருப்ப தேவிகா," என்று முனகினான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனை இப்போதும் பிடித்திருந்தது. அதுதான் கொடுமை.

"காயிற வரைக்கும் அசையாதீங்க. அசைஞ்சா மறுபடியும் உள்ள இறங்கிடும்."

அவன் அசையவில்லை. நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

தேவிகா கையைக் கழுவிக்கொண்டு வந்து வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். சாணி காய எப்படியும் அரை மணி நேரம் ஆகும். மாட்டுக்கொட்டிலில் நின்று அவள் போன் போட்டுக் கூப்பிட்ட போலீஸ் ஜீப் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகாது.