அம்சம் வாங்காத வெடி

தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு ஒரு ஊசி வெடிகூட வாங்கி வைக்கவில்லை அம்சம்.

எண்ணெய், சீயக்காய், பட்டு வேட்டி, பலகாரம் எல்லாம் இருந்தன. வெடி மட்டும் இல்லை. முதல் வெடியை மாப்பிள்ளை பற்றவைத்தால்தானே அது தலை தீபாவளி?

"புருசன் பட்டாளத்துல சம்பாதிச்சதெல்லாம் எங்க போச்சு? ஒரு சரம் வாங்க மனசு வரலியா?" என்று தெரு வாய்க்கு வந்தபடி பேசியது.

மாப்பிள்ளை வைரக்கண்ணு பாவம், வைத்த பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆனால் பக்கத்து ஊரில் இருந்த அவன் அப்பா கண்ணுசாமிக்கு மத்தியானத்துக்குள் செய்தி போய்விட்டது.

கண்ணுசாமி கட்சியின் கிளைச் செயலாளர். தீபாவளி தமிழன் பண்டிகையே இல்லை என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர். சம்பந்தி வீட்டுச் சீர் என்று வந்துவிட்டால் மட்டும் கொள்கைக்கு அன்றைக்கு லீவு. சைக்கிள் கேரியரில் ஒரு பெரிய சரவெடியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"எங்க கோவிந்தராசு? வெளிய வரச் சொல்லும்மா!"

"அவருக்கு மேலுக்கு முடியல சம்பந்தி, உள்ள படுத்திருக்காரு. நீங்க உக்காருங்க, எலை போடுறேன்" என்றாள் அம்சம்.

"நான் சாப்பிட வரல. உம் புருசன் பட்டாளத்துல இருந்தப்ப ஒங்க குத்தகை நெலத்தை மிராசுதாரு புடுங்கிக்கிட்டாரு. விவசாயச் சங்கத்தைக் கூட்டி, வரப்புல படுத்து, அதை மீட்டுக் குடுத்தது யாரு? அந்த நன்றிக்காவது எம் மவனுக்கு நாலு வெடி வாங்கக் கூடாதா?"

"தப்புதாங்க. அடுத்த வருசம் செஞ்சிடுறேன்."

"அடுத்த வருசம் வர்றது தலை தீபாவளியா?" கேட்டுக்கொண்டே சரத்தை வாசலில் விரித்தார்.

அம்சம் பதறிப்போய் அவர் காலைப் பிடித்தாள். "வேணாம் சம்பந்தி! இங்க மட்டும் வேணாம்!"

"மாமா, சொன்னா கேளுங்க மாமா" என்று மகள் ஞானாம்பாளும் ஓடிவந்தாள்.

"வக்கில்லாதவ வாசல்ல நான் வெடிக்கிறேன். ஊரு பாக்கட்டும்!"

திரியைப் பற்றவைத்துவிட்டார்.

முதல் வெடி வெடித்ததும் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார் கோவிந்தராசு. நேராகக் கண்ணுசாமி மேல் விழுந்தார். அவரைக் குப்புறத் தள்ளி, மேலே படுத்து, தலையை மண்ணோடு அமுக்கினார். பக்கத்திலேயே சரம் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

"கொல்றான்! கொல்றான்!" என்று கண்ணுசாமி அலறினார்.

எல்லாம் வெடித்து ஓய்ந்த பிறகுதான் தெருவுக்கு வீரம் வந்தது. நாலு பேர் கோவிந்தராசைப் பிய்த்து இழுத்தார்கள். ஒருவன் கன்னத்தில் அறைந்தான். "கயித்தைக் கொண்டாங்கடா, தென்னையில கட்டுவோம்" என்றான் இன்னொருவன். சுதந்திர தினத்தன்று அவருக்கு மாலை போட்டவன்தான் அவன்.

கண்ணுசாமி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "பைத்தியமா இவன்? பைத்தியக்காரன் பொண்ணையா எம் மவன் தலையில கட்டுன?"

அதுவரை கெஞ்சிக்கொண்டிருந்த அம்சம் நிமிர்ந்தாள்.

"அந்த வார்த்தையச் சொல்லாதீங்க! பங்களாதேஷ் சண்டைக்கு நல்லாத்தான் போனாரு. கூட நின்னவன் குண்டுல செதறுனதக் கண்ணால பாத்துட்டு வந்தாரு. வெடிச் சத்தம் கேட்டா மனுசன் இன்னும் அங்கதான் கெடக்குறாரு. ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குனேன். 'கை காலு நல்லாத்தானே இருக்கு, என்ன கொறைம்மா'ன்னு திருப்பி அனுப்புனாங்க. காலு போயிருந்தா ஒரு கட்டைக் காலாவது குடுத்திருப்பாங்க. மனசு போனவருக்கு என்ன குடுத்தாங்க?"

தெருப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன பண்ணுனீங்க? மந்திரிக்கச் சொன்னீங்க, சங்கிலி போடச் சொன்னீங்க. தீபாவளின்னா அவரை பம்புசெட்டுக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போயி, அவரு காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். இந்த வருசம் மாப்ள வர்றாரேன்னு காதுல பஞ்சை அடைச்சு வீட்டுல படுக்க வச்சேன். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே வெடி வாங்கலன்னு எளப்பமாப் பேசுனீங்களே, வெக்கமா இல்ல?"

கயிறு கேட்டவன் கூட்டத்துக்குப் பின்னால் நழுவினான்.

"மறைச்சுத்தானே கட்டிக் குடுத்த?" என்றார் கண்ணுசாமி.

"ஆமா, மறைச்சேன். சொல்லியிருந்தா எம் பொண்ண எடுத்திருப்பீங்களா?"

பதில் இல்லாதவர்களுக்குக் கோபம்தானே வரும்?

"கொலைகாரன் வீட்டுல இனி நமக்குச் சம்பந்தம் இல்ல. டேய் வைரக்கண்ணு, கெளம்புடா! அந்தப் பொண்ணு இங்கயே கெடக்கட்டும்."

ஞானாம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டு புருஷனையே பார்த்தாள்.

வைரக்கண்ணு அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. மாமனாரிடம் போனான். அவரைப் பிடித்திருந்த கைகளைத் தட்டிவிட்டான். அவர் முதுகில் சட்டை பொத்தல் பொத்தலாகக் கருகி, உள்ளே தோல் வெந்திருந்தது.

கோவிந்தராசு மருமகனின் கையைப் பிடித்தார்.

"மாப்ள, நான் மேல படுத்து மறைச்சுட்டேன். அப்பாவுக்கு ஒண்ணும் ஆவலியே?"