ஓரடி உமி

“உமி வேண்டாம் நாநா. கோழிக்குக் கடல்மணல் காணும்.”

பிரான்சிஸ்கா படலையைப் பாதிதான் திறந்தாள். ஹலீம் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். பின்னால் இரண்டு உமி மூட்டைகள்.

“மாரியில மணல் காயாது தங்கச்சி. கோழிக்குக் காலில புண் வரும். வெளியில அது மேயுற இடத்துக்கு மணல் போடுங்கோ. கூட்டுக்குள்ள உமிதான்.”

“மரத்தூள்? தச்சுப் பட்டறையில சும்மா தருவினம்.”

“குஞ்சுகள் கொத்தித் தின்னும்.”

“வைக்கல்?”

“பூஞ்சணம் பிடிக்கும்.”

“எல்லாத்துக்கும் ஒரு மறுமொழி வச்சிருக்கிறியள்.”

வைத்திருந்தார். முருங்கன் அரிசி ஆலை வாசலில் மூன்று நாள் நின்று, கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியவை. ஹலீம் உமி வியாபாரி அல்ல. புத்தளத்தில் தையற்காரர். பிரான்சிஸ்கா இருக்கும் இந்த வீடு அவர் கட்டியது.

தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம்கள் எல்லோரையும் மன்னார்த் தீவை விட்டுப் போகச் சொன்னார்கள். எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று பேச்சு. ஹலீம் ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் ஒரேயொரு படத்தை வைத்து மூடி, வளவின் பின்மூலையில் மாதுளைக்குக் கீழே புதைத்தார். நாலு வயதில் காய்ச்சலில் போன மகளின் படம். அவளை வேறு படம் எடுத்ததில்லை. ஒரு கிழமையில் திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்தார். இருபது வருடம் ஆகிவிட்டது.

போன மாதம் அவருடைய மனைவி சொன்னாள்: “பிள்ளையிட முகம் எனக்கு மறந்து போச்சுது.”

அவருக்கும் மறந்து போயிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. பஸ் ஏறினார்.

வீட்டுக்காரன் என்று சொல்லிக்கொண்டு தங்கள் பழைய வாசல்களுக்குத் திரும்பிப் போன வேறு இரண்டு பேருக்குப் படலை திறக்கவில்லை. அதனால்தான் உமி வியாபாரி வேஷம்.

“சரி, கூட்டைப் பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ” என்று வழி விட்டாள் பிரான்சிஸ்கா.

மாதுளை இல்லை. அது நின்ற இடத்தில் பனஞ்சிலாகையும் வலையும் கொண்டு அடித்த கோழிக்கூடு நின்றது. கோழிகள் வேலியோரம் கிளறிக்கொண்டிருந்தன.

“பழைய மண்ணில நோய் இருக்கும்” என்றார் ஹலீம். “ஓரடி தோண்டி எடுத்துப்போட்டு உமி நிரப்ப வேணும்.”

“மேலால தூவினால் காணாதோ?”

“காணாது.”

“மண்டபம் அகதிக் காம்பில பத்துக் கோழி வளர்த்தனான். ஒருநாளும் தோண்டேல்ல.”

“இது மன்னார் மண்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “தோண்டி என்னத்தைக் காணப்போறியள் நாநா? விடுங்கோ.”

அவர் விடவில்லை. வேலியில் சாத்தியிருந்த மண்வெட்டியைத் தானே எடுத்து வந்தார்.

ஓரடி. உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று வந்தது. ஒன்றரை அடி.

“கோழிக்கோ கிணறு வெட்டுறியள்?” என்றாள். சிரிக்கவில்லை. “காணும் நாநா.”

இரண்டடி. மாதுளையின் பழைய வேர் வந்தது. பேணி வரவில்லை. ஹலீம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு முழந்தாளிட்டுக் கையால் கிளறினார். நகத்துக்குள் மண் ஏறியது. புத்தளத்தில் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

“இன்னும் கொஞ்சம் தங்கச்சி” என்றார் நிமிராமல். “உமிக்குக் காசு வேண்டாம். ரெண்டு மூட்டையும் வச்சிருங்கோ. இன்னும் ஒரு அடி.”

பிரான்சிஸ்கா குனிந்து அவர் கையைப் பிடித்தாள்.

“எழும்புங்கோ நாநா. கூட்டுக்குக் கால் நடத் தோண்டேக்கயே பேணி வந்திட்டுது. படலையைத் திறந்த உடனேயே உங்களை எனக்குத் தெரியும், வீட்டைக் கேட்டு வந்தனீங்களாக்கும் எண்டு பயந்து வாய் திறக்கேல்ல. அந்தப் பிள்ளையும், அவவைத் தூக்கி வச்சிருக்கிற நீங்களும் பதினாறு வருசமா எங்கட சுவரிலதான் இருக்கிறியள்.”