முதல் வெட்டு

ரத்தத்தின் வெள்ளணு ஒன்று கிருமியை விழுங்கிவிட்டது. உடனே கொல்லாவிட்டால் அது வெள்ளணுவின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உள்ளே வேலைக்கு இரண்டு புரதங்கள்: கிருமியின் மேல்தோலில் ஓட்டை போடும் துளைப்பான், அதனடியில் இருக்கும் சுவரை அறுக்கும் வெட்டுவான்.

“நீ போடுற ஓட்டையில நான் நுழையணுமா? முதல் வெட்டு என்னுது!” என்று எகிறினான் வெட்டுவான்.

“வெட்டித்தான் பாருங்கண்ணே,” என்றான் துளைப்பான்.

வெட்டினான். தோலில் கீறல்கூட விழவில்லை.

“கை வலிக்கப்போகுது,” என்றது கிருமி. “யார் பெரியவர்னு நிதானமாப் பேசி முடிங்க.”

பேசினார்கள். திரும்பிப் பார்த்தால் கிருமி இரண்டாகியிருந்தது.

“ஒண்ணும் அவசரமில்லைங்க,” என்றது புதியது.

வெட்டுவான் பல்லைக் கடித்தான். “துளைச்சுத் தொலைடா,” என்று ஒதுங்கி வழிவிட்டான்.

“ஐயோ, இன்னும் கொஞ்சம் பேசுங்களேன்!” என்று அலறின கிருமிகள் இரண்டும்.