இருபத்திரண்டாவது கேபிள்

இருபது திரைகளிலும் ஒரே வரி வந்து நின்றது. கோப்பு கிடைக்கவில்லை.

கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்திருந்த தன்வீர் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். மணி பன்னிரண்டேகால். நாலு மணிக்கு மறுபடி கரண்ட் போகும்.

அதற்குள் இருபது கம்ப்யூட்டரிலும் உள்ளதைச் சுத்தமாக அழித்து, பரீட்சை நடத்தும் கம்பெனி கொடுத்த ஒரே சாஃப்ட்வேர் நகலை எல்லாவற்றிலும் இறக்கி முடிக்க வேண்டும். நாளைக் காலை ஒன்பதுக்குப் பரீட்சை. ஒன்று குறைந்தாலும் வேறு சென்டர் பார்த்துக்கொள்வோம் என்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்கள்.

போனை வைத்ததிலிருந்து அம்ருதவல்லி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பரீட்சை போனால் அவளுடைய கம்ப்யூட்டர் சென்டரும் போகும். அவளுக்கு மிச்சமிருந்தது இந்தக் காந்தி ரோட்டு மாடி ஒன்றுதான்.

பங்குனியில், முசரவாக்கம் பள்ளிக்கூடத்தில் ஏதோ ரிப்பேர் என்று வண்டியில் கிளம்பிய அவள் கணவர் ஸ்ரீவர்தன், திரும்பும் வழியில் லாரியில் அடிபட்டுப் போனார். சென்டரை நடத்திவந்தவர் அவர்தான்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கம்ப்யூட்டர் கண் விழித்ததும் கேபிள் வழியாகக் கூப்பிடும். தன்வீர் கொண்டுவந்த பெட்டி பதில் சொல்லி, அதற்கு ஒரு எண் கொடுத்து, நகலை அனுப்பும். நூறு இடத்தில் செய்திருக்கிறான்.

இங்கே மட்டும் நடக்கவில்லை. கேபிளை மாற்றினான். முனைகளை வெட்டிப் புதிதாகப் போட்டான். தன் பெட்டியை மூன்று தடவை நிறுத்தி ஓட்டினான்.

"என்னா பாய், இருபது தறியும் ஒரே இழை அறுந்தாப்பல நிக்குது?" என்றாள் ப்ரியங்கா. அங்கே டைப்பிங் சொல்லிக் கொடுப்பவள். விசிறிக்கொள்ள எடுத்த பரீட்சை அட்டை இன்னும் கையில் இருந்தது.

காலையில் கரண்ட் போனபோது ஃபேனும் நின்றிருந்தது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று தன்வீர் கேட்டான். அது ஃபேனுக்குத் தாங்காது என்றாள் அம்ருதவல்லி. ஸார் இருந்தவரைக்கும் தாங்கியது, இந்த ஏழு மாதமாகத்தான் தாங்குவதில்லை என்று ப்ரியங்கா அவன் காதோரம் முணுமுணுத்தாள்.

தன்வீர் திரையை மறுபடி படித்தான். கடைசி வரியை அல்ல, அதற்கு மேலிருந்ததை.

கம்ப்யூட்டருக்குக் கிடைத்திருந்த எண் அவன் பெட்டி கொடுத்ததில்லை.

வேறு யாரோ முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்கள். முதலில் யார் பதில் சொல்கிறார்களோ, கம்ப்யூட்டர் அவர்கள் பின்னால்தான் போகும். போன இடத்தில் நகல் இல்லை. அதனால்தான் எல்லாம் நிற்கின்றன.

இங்கே வேறு சர்வர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள் அம்ருதவல்லி. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டான். வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே இல்லை என்றாள்.

அவன் கேபிள்களை எண்ண ஆரம்பித்தான். கம்ப்யூட்டர்களுக்கு இருபது. அவன் பெட்டிக்கு ஒன்று.

இருபத்திரண்டாவது சாம்பல் நிறத்தில், சுவரேறி, பூட்டிய கதவுக்கு மேலிருந்த ஓட்டைக்குள் நுழைந்தது.

கதவின் முன்னால் போய் நின்றான். பூட்டைத் தொட்டுப் பார்த்தான்.

அம்ருதவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

ஸ்ரீவர்தனின் அறை. மேஜையெல்லாம் தூசி. அதனடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மட்டும் துடைத்து வைத்தாற்போல, மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. அதன் ஒயர் இன்வெர்ட்டரில் செருகியிருந்தது. ஃபேனுக்குப் போகிற ஒயர் பிடுங்கப்பட்டுப் பக்கத்தில் தொங்கியது.

தன்வீர் திரையைப் போட்டான். கறுப்புத் திரை, அவர் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது. எவ்வளவு காலமாக ஓடுகிறது என்று காட்டும் கட்டளையைப் பழக்கத்தில் தட்டினான்.

இருநூற்றுப் பதினேழு நாள்.

மனதுக்குள் பின்னோக்கி எண்ணினான். பங்குனியில் போய் நின்றது.

அவன் கை ஸ்விட்ச் பக்கம் போனது.

"அது வேண்டாம். கேபிளை மட்டும் எடுங்கோ," என்றாள் அம்ருதவல்லி. "கெளம்பறச்சே, நிறுத்திடாதே, வந்து மிச்சத்தைப் பாத்துக்கறேன்னுட்டுப் போனார்."

தன்வீர் கையை எடுத்துக்கொண்டான். பிறகு, சொல்லலாமா என்று யோசித்து, சொன்னான்.

"இத்தினி நாளா எல்லா கம்ப்யூட்டருக்கும் இதான் பதில் சொல்லிக்கினு இருந்துது மேடம்."

அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தினமுமா என்று கேட்டாள். தினமும்தான், காலையில் பசங்க கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம், ஒவ்வொன்றுக்கும் என்றான். கேபிளை எடுத்த பிறகு கூப்பிட்டால் அதற்குக் கேட்குமா என்றாள்.

கேட்காது என்றான்.

அவள் தலையசைத்தாள். அவன் கேபிளைப் பிடுங்கினான். பின்னால் கண்சிமிட்டிக்கொண்டிருந்த பச்சை விளக்கு நின்றது. உறுமல் நிற்கவில்லை.

வெளியே வந்து கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்து மறுபடி போட்டான். முதல் திரையில் நீலக் கோடு நகர ஆரம்பித்தது. பிறகு அடுத்ததில். பிறகு எல்லாவற்றிலும்.

நாலடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போது இருபதாவது கம்ப்யூட்டரும் முடிந்தது. என்னதான் கோளாறு என்று ப்ரியங்கா கேட்டாள். ஒரு கேபிள் அதிகமாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, சாமான்களைப் பையில் அடுக்கினான்.

அம்ருதவல்லியின் நாற்காலி காலியாக இருந்தது. அந்த அறையிலிருந்து அவள் இன்னும் வெளியே வரவில்லை.

நாலு மணிக்குக் கரண்ட் போனது. டியூப் லைட்டுகள் அணைந்தன. கீழே தெருவில் கடைகளின் பாட்டு நின்றது.

ப்ரியங்கா பழக்கத்தில் அட்டையைக் கையிலெடுத்தாள். எடுத்தவள், விசிறாமல் மேலே பார்த்தாள்.

ஃபேன் நிற்கவில்லை.